வெள்ளை அங்கிகளும் மாடி வீடும்

தனக்குத் தெரியாத காகிதமே கிடையாது என்று கோகிலவாணி சொல்லிக்கொள்வாள். அதில் முக்கால்வாசி உண்மைதான். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்கு வேலை. வெளிநாட்டு நூலகங்கள் தங்களிடம் இருக்கும் பழைய அச்சுத் தாள்களைப் படமெடுத்து அனுப்பிவைக்கும். இங்கே இருப்பவர்கள் ஒவ்வொன்றையும் பார்த்து, இது கல்யாணப் பத்திரிகை, இது தேர்தல் துண்டறிக்கை, இது நாடக டிக்கெட் என்று நாலு வரி எழுத வேண்டும். பின்னால் யாராவது தேடும்போது அந்த நாலு வரியை வைத்துத்தான் அந்தத் தாள் கிடைக்கும். ஒரு குழுவே உட்கார்ந்து எழுதுவதைச் சரிபார்த்து அனுப்புகிற பொறுப்பு கோகிலவாணியுடையது. அவள் பார்த்து அனுப்பியது திரும்பி வந்ததில்லை என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. அதை யாரும் கேட்காமலேயே சொல்வாள்.

சம்பாதித்தாக வேண்டிய நிலைமை ஒன்றும் இல்லை. செம்பாக்கம் தாண்டி உள்ளே போனால் ஏரிக்கரையோரம் ஒரு சின்ன ஊர். அங்கே அவள் அப்பாவுக்கு நெல் வயல் இருந்தது. வயலெல்லாம் மனையாகி, அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்த மனையில் இப்போது மாடி வீடு நிற்கிறது. கணவன் சிட்டிபாபுவுக்கு மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை. "வாடகை வருதே, உனக்கு எதுக்கும்மா வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "வாடகை எங்கிட்ட உக்காந்து பேசாது, ஆபீஸ்ல பேசுவாங்க" என்பாள். பேச்சு இல்லாமல் அவளால் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. வாய்க்கு ஏற்ற தைரியமும் உண்டு. ஸ்கூட்டரில் தாம்பரம் மேம்பாலத்தில் பஸ்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே அலுவலகம் வந்து சேருவாள்.

ஜெரோம் அவள் குழுவில் வலது கை மாதிரி. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துப் பையன், கத்தோலிக்கன். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவான். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது அதனால்தான். அவனுக்கு அப்போது ஒரே கவலை, வீடு. இரும்புலியூரில் குடியிருந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மனைவி ஜெனிக்கு ஏழாம் மாதம். பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி தாம்பரத்தில். கிடைக்கிற வீடெல்லாம் ரயிலேறிப் போகிற தூரத்தில் இருந்தது.

கோகிலவாணியின் மாடி, முன்பு குடியிருந்தவர்கள் போனதிலிருந்து காலியாகத்தான் கிடந்தது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொல்லிவிட்டாள்.

"என் வூடு கீது, நான் கீறேன். நீ எதுக்கு ஊரெல்லாம் அலையிற?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெரோம் நேராக வந்தான். தண்ணீர் மோட்டார், மொட்டை மாடி, காற்று வரும் ஜன்னல் எல்லாவற்றையும் கோகிலவாணி சுற்றிக் காட்டினாள். தொட்டில் கட்ட விட்டத்தில் கொக்கிகூட இருக்கிறது என்று காட்டினாள். காபி கொடுத்தாள். காபிக்கு நடுவில் சொந்த ஊர், அப்பா பெயர், அப்பா என்ன தொழில், ஊரில் வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்தாள். வீடு விடுகிற எல்லோரும் விசாரிக்கிறதுதான். வீட்டுக்காரர் சிட்டிபாபுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தாள்.

சிட்டிபாபு காதில் போட்டதும் அவன், "ஆடி முடியட்டும்" என்றான். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பது சரி. ஆனால் ஆடி முடிவதற்குள் ஜெரோம் நடுத்தெருவில் நிற்பான். இந்த மனுஷன் எதற்கெடுத்தாலும் வழுக்குகிறானே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அந்த வாரம்தான் அமெரிக்காவிலிருந்து புதுத் தொகுப்பு வந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய தாள்கள். முதலில் வந்தவை பெரும்பாலும் படம் போட்ட தபால் அட்டைகள், பிக்னிக் டிக்கெட்டுகள், பாட்டு அச்சடித்த ஒற்றைத் தாள்கள். படத்தில் வெள்ளை அங்கி போட்டவர்கள் வரிசையாக நடந்தார்கள். தலையில் கூம்புத் தொப்பி, சிலருக்கு முகம் மூடியிருந்தது. மார்பில் சிலுவை. ஓர் அட்டையில் மைதானத்தில் பெரிய சிலுவை ஒன்று எரிந்துகொண்டிருக்க, சுற்றி ஆட்கள் நின்றார்கள். பாட்டெல்லாம் கடவுளையும் தேசத்தையும் பற்றியது. குடும்பத்தோடு வரச் சொல்லி, கோழி வறுவல், பாண்டு வாத்தியம், குழந்தைகளுக்கு ஓட்டப்பந்தயம் என்று டிக்கெட்டில் இருந்தது.

தெரியாத படம் வந்தால் தேடிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்பது விதி. பக்கத்திலேயே ஒரு கத்தோலிக்கன் இருக்கும்போது தேடுவானேன் என்று கோகிலவாணி நாற்காலியை ஜெரோம் பக்கம் உருட்டினாள். அவனும் சந்தேகமே இல்லாமல் சொன்னான். பெரிய வெள்ளியன்று அவன் ஊரில் ஆண்டவரின் சுரூபத்தைத் தூக்கி வருகிறவர்கள் வெள்ளை அங்கிதான் போடுவார்களாம். முகத்தை மூடியிருப்பது தவத்துக்காக இருக்கும். நெருப்பு, ஈஸ்டர் முந்தின நாள் கோயில் வாசலில் மூட்டுகிற நெருப்பு. வெள்ளைக்காரன் ஊரில் சிலுவையையே வைத்து மூட்டுவான்போல. கோகிலவாணிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியதாகத் தோன்றியது. "தேவாலய ஊர்வலம்", "ஈஸ்டர் நெருப்பு", "பங்குக் குடும்பங்களின் பிக்னிக்" என்று எழுதவைத்து, சரிபார்த்து, அனுப்பியும் விட்டாள்.

மொத்தமும் திரும்பி வந்தது.

கூட வந்த கடிதம் மரியாதையாக இருந்தது. எழுதியவர் அந்த நூலகத்தின் பெண்மணி ஒருவர். தவறு உங்களுடையது மட்டுமல்ல, இவை என்ன என்று நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். படத்தில் இருப்பவர்கள் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற சங்கத்தார். வெள்ளைத் தோல்காரர்களே உயர்ந்தவர்கள், நாடு அவர்களுக்கே என்பது அவர்கள் கொள்கை. கறுப்பின மக்களை அடித்தார்கள், வீடுகளை எரித்தார்கள், கொன்றார்கள். சிலுவையை எரித்தது பயமுறுத்துவதற்கு. யூதர்களையும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் கத்தோலிக்கர்களையும்கூட அவர்களுக்கு ஆகாது. இதெல்லாம் செய்தவர்கள்தான் பிக்னிக்கும் போட்டார்கள். பெண்களுக்கு ஒரு கிளை, பிள்ளைகளுக்கு ஒரு கிளை என்று வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள். தாள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை மட்டும் எழுதாதீர்கள். யார் அச்சடித்தார்கள், யாரை வெளியே நிறுத்த அச்சடித்தார்கள் என்பதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஜெரோம் படித்து முடித்துவிட்டுச் சிரித்தான். "நம்மளையே ஒதைக்கிறவனுக்குக் கோயில்ல எடம் குடுத்துட்டோம்க்கா."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்ததே என்கிற ஆத்திரம். அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுத ஆரம்பித்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல ஜெரோம் தட்டினான். இந்த முறை தேடிப் பார்த்தாள், ஒன்றுக்கு மூன்று இடத்தில் பார்த்தாள். பிக்னிக் டிக்கெட்டின் விவரத்தில் கோழி வறுவல் இரண்டாவது வரிக்குப் போனது.

தொகுப்பின் அடியில் சங்கத்தில் சேர வருகிறவர்களைக் கேட்கிற கேள்வித் தாள் ஒன்று இருந்தது. கோகிலவாணி அதை உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். எந்த ஊரில் பிறந்தாய்? அம்மா அப்பா எங்கே பிறந்தார்கள்? என்ன தொழில்? என்ன மதம்? வெள்ளை இனம்தானா? நடுவில் ஜெரோமின் விரல்கள் நின்றுவிட்டன. கத்தோலிக்கன் அல்லவா, மனசு சங்கடப்பட்டிருக்கும் என்று அவள் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் குடித்துவிட்டு மறுபடி தட்டினான்.

சனிக்கிழமை சிட்டிபாபு சாப்பாட்டு மேசையில் ஒரு ப்ரூஃப் தாளைக் கொண்டுவந்து வைத்தான். அவர்கள் ஆட்களின் சங்கம் வருஷா வருஷம் திருநீர்மலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் குடும்ப விழா நடத்தும். சிட்டிபாபு சங்கத்தின் பொருளாளர், அடுத்த தலைவர் அவன்தான் என்று பேச்சு. அழைப்பிதழைத் திருத்திக் கொடுப்பது எப்போதும் கோகிலவாணி. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அனைவரும் குடும்பத்தோடு வருக. மதியம் விருந்து, குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி, படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை. எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில், "நம் மண், நம் வீடு, நம் சொந்தங்களுக்கே."

அந்த வரியை எழுதியதே அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கத்தார் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தபோது ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டு வாங்கினாள். தெருமுனையில் நீல நிற இரும்புப் பலகையிலும் அதே வரிதான். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். என்னமாய் எழுதியிருக்கிறோம் என்று சில நாள் தனக்குள் மெச்சிக்கொண்டும் போயிருக்கிறாள்.

இப்போது அந்த வரியை மறுபடி படித்தாள். யார் அச்சடித்தார்கள் என்பது தெரியும். யாரை வெளியே நிறுத்த என்று கேட்டுக்கொண்டதும் அதற்கும் பதில் தெரிந்திருந்தது. கொல்லவில்லை, எரிக்கவில்லை, நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே அது எடுபடவில்லை.

பேனாவால் அந்த வரியைக் குறுக்கே அடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். சிட்டிபாபு அடித்ததைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"இன்னாமே இது? எழுதினதே நீதானே?"

"நான்தான் எழுதினேன். அதான் நானே அடிக்கிறேன். மாடிக்கு ஜெரோம் வர்றான்."

சங்கத்தில் என்ன சொல்வார்கள், தலைவராக விடுவார்களா, தெருவில் முகம் கொடுத்துப் பேசுவார்களா என்று சிட்டிபாபு நிறையச் சொன்னான். ஜெரோம் நல்ல பையன்தான், அதில் தனக்கு ஒன்றும் இல்லை, ஊர் வாய்க்குப் பயப்பட வேண்டியிருக்கிறதே என்று குழைந்தான். ஆடி மாதம் பேச்சில் வரவே இல்லை. கோகிலவாணி முழுக்கக் கேட்டுவிட்டு, வீடு தன் அப்பா தனக்குக் கொடுத்தது, மாடிக்கு யார் வருவது என்று சங்கம் வந்து சொல்ல வேண்டாம் என்றாள். அழைப்பிதழில் வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன், பலகை பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவன் பேரம் பேசினான். அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். சொந்தக் கடையிலேயே ஸ்பேனர் எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டிப் பலகையைக் கழற்றினாள். என்னம்மா செய்கிறாய் என்று கேட்டவர்களிடம், வைக்கச் சொன்னது நான்தானே, எடுக்கிறேன் என்றாள். பலகை கனத்தது. ஸ்கூட்டரை எடுத்துவந்து, அதில் முன்னால் நிறுத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டே கொண்டுபோய்க் கடைப் பின்கட்டில் போட்டாள். அதற்குள் கடைக்கு வந்திருந்த சிட்டிபாபு கல்லாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

திங்கட்கிழமை மாடிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் பறந்தாள். ஜெரோம் மேசையில் சாவியை வைத்து, எப்போது வேண்டுமானாலும் சாமான் ஏற்றிக்கொண்டு வா என்றாள். அவன் சாவியைத் தொடவில்லை.

"நான் சிங்கப்பெருமாள் கோயில்ல ஒரு வூடு பாத்துட்டேன்க்கா."

அவ்வளவு தூரமா, அந்தப் பெண் வலி எடுத்தால் ரயிலிலா வரும் என்று கோகிலவாணி சத்தம் போட்டாள். பலகையைக் கழற்றிவிட்ட விஷயத்தைச் சொன்னாள். வீட்டுக்காரர் வாயை அடைத்துவிட்ட விஷயத்தையும் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பத்து வார்த்தை பேசாதவன் அன்றைக்குப் பேசினான்.

"போர்டை வரும்போதே படிச்சேன்க்கா. படிச்சிட்டுத்தான் உள்ள வந்தேன், நீங்க கீறீங்களேன்னு. எப்ப சாமான் கொண்டாறே, தொட்டில் எங்க கட்டப் போறேன்னு கேட்டுகினு இருந்தீங்க. அப்புறம், ஊர்ல உங்க வூடு எந்தப் பக்கம்னு கேட்டீங்க. காலனில கீதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் 'சொல்றேன்'னீங்க."

கோகிலவாணி வாயைத் திறந்தாள். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருந்ததே என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் அன்றைக்குக் காபி கொடுக்கும் வரை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே. என் வீடு, நான் இருக்கிறேன் என்று டிபன் பாக்ஸ் முன்னால் வாக்குக் கொடுத்தவள் அவள்தான். ஊரில் தலித் மக்கள் இருக்கிற பக்கத்துக்குக் காலனி என்று பேர், அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் அவளுக்குப் புருஷன் ஞாபகம் வந்துவிட்டது. சிட்டிபாபுதான் வழுக்குகிறான் என்று ஒரு வாரம் அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

ஆனால் கோகிலவாணி நின்ற இடத்திலேயே நிற்கிற ஜாதி இல்லை. சிங்கப்பெருமாள் கோயில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டாள். இன்னும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைதான் என்றான். சாயங்காலம் இரும்புலியூருக்கு ஸ்கூட்டரை விட்டாள்.

ஜெனி ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். புருஷன் மாதிரி இல்லை, முகத்துக்கு நேரே பேசுவாள். கட்டிவைத்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கோகிலவாணியை உட்காரவைத்தாள். கோகிலவாணி சுற்றி வளைக்கவில்லை. நான் கேட்டது தப்பு, கேட்டுவிட்டுப் பின்வாங்கியது அதைவிடத் தப்பு, நீ வந்து வீட்டைப் பார், பிடித்தால் இரு, பிடிக்காவிட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றாள்.

ஜெனி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். வீடு விடுகிறவர்கள்தான் கேட்க வேண்டுமா, குடிவருகிறவர்களும் கேட்கலாம் இல்லையா என்றாள். தாராளமாகக் கேள் என்றாள் கோகிலவாணி.

"உங்க ஊர்ல எங்க ஆளுங்க எந்தப் பக்கம் கீறாங்க?"

"ஏரிக்கு அந்தாண்ட."

"நீங்க போயிருக்கீங்களா?"

பிறந்து வளர்ந்த ஊர். ஏரிக்கரை மேல் ஏறி நின்றால் அந்தக் கூரைகள் தெரியும். போனதில்லை என்றாள் கோகிலவாணி. ஜெனியின் சித்தி அஞ்சம்மாள் அங்கேதான் இருக்கிறாளாம். ஜெனியின் அம்மா ஞானஸ்நானம் வாங்கி வேதத்துக்கு வந்தவள், சித்தி அம்மன் கோயிலோடு இருந்துவிட்டவள். சின்ன வயதில் லீவுக்கு வரும்போது, அந்தத் தெரு வழியாக நடக்காதே, ஏரியைச் சுற்றிக்கொண்டு வா என்று சித்தி சொல்லித்தான் கூட்டிப்போவாளாம். அந்தத் தெரு என்றது கோகிலவாணியின் தெருவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெனி வந்து மாடியைப் பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள், கொக்கியை இழுத்துப் பார்த்தாள். பிறகு, சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வரலாமா என்றாள். அட்வான்ஸ் கொடுக்கிற நாள் அதுதான் என்பதால் ஜெரோம் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே கூட வந்தான். மூன்று பேரும் தெரு நடுவிலேயே நடந்தார்கள். கடை வாசலில் நின்றிருந்த சிட்டிபாபு பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, கூப்பிடவும் இல்லை.

அஞ்சம்மாள் வாசலைக் கூட்டி, ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு வைத்திருந்தாள். யார் வருகிறார்கள் என்று ஜெனி முன்பே சொல்லியிருக்கிறாள். கோகிலவாணி உட்கார்ந்ததும் கடையில் வாங்கிவந்த கலர் சோடா பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, மூடி உடையாமல் இருப்பதைக் காட்டி, அவள் கண்ணுக்கு முன்னாலேயே திறந்து வைத்தாள். ஜெனிக்கும் ஜெரோமுக்கும் உள்ளே டீ கொதித்துக்கொண்டிருந்தது. இஞ்சி வாசனை கூடத்துக்கு வந்தது.

கோகிலவாணி பாட்டிலைப் பார்த்தாள். அஞ்சம்மாளின் கை அதைத் திறந்த லாவகத்தைப் பார்த்தால், எத்தனை வருஷமாக எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறாள் என்பது புரிந்துவிடும். எனக்கும் டீயே கொடுங்கள் என்றாள். அஞ்சம்மாள் தயங்கி ஜெனியைப் பார்த்தாள்.

"இல்லம்மா, எங்க வூட்ல குடிப்பீங்களோ இன்னாவோன்னு..."

"குடிக்கிறேன்."

டீ வந்தது. கோகிலவாணி குடித்தாள். பெரிய காரியம் செய்துவிட்டதாக யாரும் அவளைப் பார்க்கவில்லை. அஞ்சம்மாள் தன் தம்ளரோடு வாசற்படி ஓரம் உட்கார்ந்துகொண்டு பிரசவத்துக்கு யார் கூட இருப்பது என்று ஜெனியிடம் பேச ஆரம்பித்தாள். ஜெனி பாதிப் பேச்சில் கோகிலவாணி பக்கம் திரும்பினாள்.

"வூடு புடிச்சிருக்குக்கா. நாளைக்கே வர்றோம். ஆனா ஒண்ணு. புள்ள பொறந்தா சித்திதான் வந்து பாத்துக்கும். உங்க தெரு வழியாத்தான் வரும், முன்வாசல்லதான் ஏறும். அது வரும்போது நீங்க கலர் வாங்கி வெக்கக்கூடாது."

ஜெரோம் போனைச் சட்டைப் பையில் போட்டான். எல்லோரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள். அவள் சத்தியம் செய்யவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அஞ்சம்மாளைக் கேட்டாள்.

"உங்களுக்குச் சக்கரை எவ்ளோ போடணும்?"